கல்வி வாரியம் வாய் திறக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியின் புறநகர் ஒன்றில் நெடுநாளாக வசிக்கிறேன். கடந்த நவம்பரில் எங்கள் ஊர்க் கல்வி வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஜனவரியில் பதவியேற்றேன். ஒன்பது பேர் கொண்ட வாரியம் அது. எங்கள் ஊரின் பொதுப் பள்ளிகள் அடங்கிய பள்ளி மாவட்டத்திற்கு வரும் மாநில உதவி இந்த ஆண்டும் குறைந்துவிட்டது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான ஆசிரியர் பணியிடங்கள் சிலவற்றை நீக்க வேண்டிவரும் என்கிறார் கண்காணிப்பாளர். வாரியம் இதை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர், “பள்ளியை நடத்துவதுதான் நம் வேலை, மாநிலத் தலைநகர் டிரென்டனில் போய் அரசியல் செய்வது அல்ல” என்று பேச்சை முடித்துவிட்டார். ஆதங்கத்தில் என் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினேன். மறுநாளே, “இது நன்னெறி விதிமீறல், உங்கள் மேல் புகார் போகும்” என்று ஒருவர் எச்சரித்தார். செப்டம்பரில் பள்ளிக் கட்டட விரிவாக்கத்திற்கான வாக்கெடுப்பு வேறு வருகிறது. தமிழ் நண்பர்களோ, “நமக்கு எதற்கு இந்த வம்பு? வசதி இருப்பவர்கள் தனியார் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்” என்கிறார்கள். பொதுக் கல்விக்காகப் பேசுவது வாரியத்தின் பணியா, இல்லையா? எதுவரை பேசலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கல்வி வாரியங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதே என் தொழில் என்பதால், உங்கள் மூத்த உறுப்பினர் சொன்ன வாக்கியத்தை நான் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அதன் முதற்பாதியிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளியை நடத்துவதுதான் வாரியத்தின் வேலை என்கிறார் அவர். நீங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டிருக்கும் நன்னெறி விதிகள் அப்படிச் சொல்லவில்லை. நியூ ஜெர்சிச் சட்டம் வாரிய உறுப்பினர்களுக்கு வகுத்திருக்கும் பத்து உறுதிமொழிகளுள் ஒன்று, பள்ளிகளை நிர்வகிப்பது உறுப்பினரின் பொறுப்பு அன்று என்றும், அவை நன்றாக நடத்தப்படுகின்றனவா என்பதைச் சக உறுப்பினர்களோடு சேர்ந்து உறுதிசெய்வதே அவர் பொறுப்பு என்றும் தெளிவாகவே கூறுகிறது. நடத்துவதற்குக் கண்காணிப்பாளர் இருக்கிறார். அதற்கு அவர் ஊதியம் பெறுகிறார். ஊதியமே இல்லாமல் ஒன்பது பேரை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது, பேருந்துக் கால அட்டவணையைச் சரிபார்ப்பதற்காக அன்று. ஊர் தன் பள்ளியிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை உள்ளே கொண்டுபோகவும், பள்ளிக்கு என்ன தேவைப்படுகிறது என்பதை வெளியே கொண்டுவரவும் ஓர் அமைப்பு வேண்டும் என்பதற்காகவே அவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது வேலையை விட்டுவிட்டால், வாரியத்தின் பணியில் பாதி நடக்கவில்லை என்றுதான் பொருள்.

அதே பட்டியலில் இன்னோர் உறுதிமொழியும் இருக்கிறது. திறன், இனம், சமயம், பால், சமூக நிலை எதையும் பாராமல் எல்லாக் குழந்தைகளின் தேவைகளையும் நிறைவுசெய்யும் பொதுப் பள்ளிகளை உருவாக்கவும் பேணவும் முயல்வேன் என்பது அது. அந்தப் பேணுதலுக்கான பணமும் விதிகளும் உங்கள் ஊரில் முடிவாவதில்லை. அவை முடிவாகும் இடத்திற்குப் போய்ப் பேசாமல் இந்த உறுதிமொழியை எப்படி நிறைவேற்றுவது என்று உங்கள் மூத்த உறுப்பினரிடம் மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

ஏன் டிரென்டன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி அரசியல் சாசனத்தில் கல்வி என்ற பேச்சே இல்லை. டெக்சாஸிலிருந்து வந்த ரோட்ரிகஸ் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம், கல்வி அந்தச் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை அன்று என 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளிச் செலவில் கூட்டாட்சி அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மற்றவை மாநிலத்திடமிருந்தும் ஊரின் சொத்து வரியிலிருந்தும் வருகின்றன. நியூ ஜெர்சியின் சாசனமோ, 5 முதல் 18 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் முழுமையும் திறமும் உள்ள இலவசப் பொதுப் பள்ளிகளைச் சட்டமன்றம் ஏற்படுத்திப் பேண வேண்டும் என 1875-இல் செய்த திருத்தத்தின் மூலம் கட்டளையிடுகிறது. ஆகவே கடமை சட்டமன்றத்தினுடையது. அந்தக் கடமையை நினைவூட்டும் பொறுப்பு, குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுடையது.

உங்கள் ஊருக்கு உதவி குறைந்த விதத்தைப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலம் முதலில் ஒரு மாவட்டத்தின் மாணவர்களுக்குப் போதுமான கல்வி தர எவ்வளவு செலவாகும் எனக் கணக்கிடுகிறது. வறுமையில் உள்ள பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கில் கூடுதல் எடை உண்டு. பிறகு அந்த ஊர் தானே எவ்வளவு தர இயலும் என்று பார்க்கிறது. இதில் பாதி, ஊரின் சொத்து மதிப்பையும் பாதி, ஊர் மக்களின் வருமானத்தையும் சார்ந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் சமநிலை உதவியாக மாநிலம் தருகிறது. வீட்டு விலை ஏறிவிட்டது என்று தெருவே மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, அதே காரணத்தால் பள்ளிக்கு வரும் உதவி குறைந்துகொண்டிருக்கும். இதற்கு மேல், 2010-இல் இயற்றப்பட்ட சட்டம், ஊர் விதிக்கும் சொத்து வரியை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று, சில விலக்குகளோடு, கட்டிவைத்திருக்கிறது. சிறப்புக் கல்விக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு அந்த வரம்பைப் பார்த்து நிற்பதில்லை. மேலிருந்து வருவது குறைகிறது, கீழிருந்து எடுக்கவும் முடியவில்லை, நடுவில் இருப்பது வாசிப்பு ஆசிரியரின் பணியிடம். இதை ஊருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே பக்கத்தில் விளக்கிச் சொல்லக்கூடிய தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு, கல்வி வாரியத்தைத் தவிர வேறு எது?

பேசினால் என்ன நடந்துவிடும் என்ற சலிப்பு உங்கள் வாரியத்தில் இருக்கலாம். இதே மாநிலத்தில், பள்ளி நிதி பெரிதும் சொத்து வரியையே சார்ந்திருந்த முறை சாசனத்திற்கு முரணானது என 1973-இல் மாநில உச்ச நீதிமன்றம் ராபின்சன் வழக்கில் சொன்னது. சட்டமன்றம் பணத்திற்கு வழி செய்யாமல் காலம் கடத்தியபோது, 1976 ஜூலை 1 முதல் பொதுப் பள்ளிகளுக்குச் செலவிடவே தடை விதித்தது அந்த நீதிமன்றம். சில நாட்களுக்குள் மாநில வருமான வரிச் சட்டம் நிறைவேறிவிட்டது. கென்டக்கி மாநிலத்துச் செய்தி உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 66 பள்ளி மாவட்டங்கள் ஒன்றுகூடி ஓர் அமைப்பை உருவாக்கி, தங்கள் மாநிலத்தின் மீதே 1985-இல் வழக்குத் தொடுத்தன. 1989-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், நிதி ஒதுக்கீட்டை மட்டுமன்றிப் பொதுப் பள்ளி அமைப்பு முழுவதையுமே சாசனத்திற்கு முரணானது என்றது. அடுத்த ஆண்டே புதிய கல்விச் சட்டம் வந்தது. அந்த மாவட்டங்களின் வாரியங்களிலும், இது நம் வேலையா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆனால் வாரியம் பேசினாலே அது பொதுக் கல்விக்கான பேச்சு ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இனவாரியான பள்ளிப் பிரிவினை சாசனத்திற்கு முரணானது என்று தீர்ப்பான 1954-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பிரவுன் வழக்கில், எதிர்த்தரப்பில் நின்றது டொபீகா நகரின் கல்வி வாரியம்தான். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியில், கறுப்பினப் பிள்ளைகளோடு வெள்ளையினப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதைத் தவிர்ப்பதற்காக, கவுன்ட்டியை ஆண்டவர்கள் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கவே மறுத்தார்கள். 1959 முதல் 1964 வரை அங்கே பொதுப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வெள்ளையினப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட தனியார் பள்ளிக்குப் பொதுப் பணம் உதவியாகப் போயிற்று. உள்ளூர் அதிகாரம் தன் ஊரின் ஒரு பகுதியையே ஊர் என்று எண்ணிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு இல்லை.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாநில உதவியின் சூத்திரம், வசதி குறைந்த மாவட்டங்களுக்குக் கூடுதலாகத் தருவதற்கென்றே அமைக்கப்பட்டது. உங்கள் ஊருக்குக் குறைந்த தொகை, பேட்டர்சனிலோ கேம்டனிலோ ஒரு வகுப்பறைக்குப் போயிருக்கக் கூடும். “எங்களுக்குக் குறைத்ததைத் திருப்பித் தாருங்கள்” என்று மட்டும் உங்கள் தீர்மானம் சொன்னால், அது உங்கள் ஊருக்கான பேச்சு. பொதுக் கல்விக்கான பேச்சு அன்று. மொத்தத் தொகையைக் கூட்டுங்கள், குறைப்பதானால் பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறையுங்கள், அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், சிறப்புக் கல்வியின் உண்மைச் செலவைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டால், கேம்டனின் வாரியமும் உங்களோடு கையொப்பமிடும். இந்த வேறுபாட்டில் நான் உறுதியாக இருக்கிறேன். அடுத்த ஊரின் பிள்ளையிடமிருந்து பறித்துக் கேட்கும் வாரியத்தைச் சட்டமன்றம் எளிதில் ஓரங்கட்டிவிடும்.

இனி, எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். தனி உறுப்பினராக உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம், கூட்டத்தில் கூடி வாக்களிக்கும் வாரியத்துக்கே உண்டு. ஆகையால் முதலில் நீங்கள் இணங்கவைக்க வேண்டியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் அல்லர். உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் எட்டுப் பேர். அதையும் எச்சரிக்கையாகச் செய்ய வேண்டும். ஐந்து பேரைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, அதிலேயே விவாதித்து முடிவெடுத்துவிட்டுக் கூட்டத்திற்கு வருவது எளிது என்று தோன்றும். ஒன்பதில் ஐந்து என்பது பெரும்பான்மை. பொது அமைப்புகளின் கூட்டங்கள் மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது போய் முட்டும். வாரியத் தலைவரிடமும் கண்காணிப்பாளரிடமும் கேட்டு, பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் செய்யுங்கள். பேச்சு வெளிப்படையாக நடக்கட்டும்.

தீர்மானம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதைவிட முக்கியம், அதில் கோபத்தைவிடக் கணக்கு அதிகம் இருக்க வேண்டும். வரவுசெலவுக் குழுக்களின் பொது விசாரணைகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் தொடங்கி மாலை வரை வரிசையாக ஆட்கள் வந்து பேசுவார்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். “குழந்தைகளே நம் எதிர்காலம்” என்று தொடங்குபவரைப் பார்த்துக் குழு உறுப்பினர்கள் தலையசைப்பார்கள், ஆனால் ஒன்றையும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். “எங்கள் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் வாசிப்பு உதவி பெறுவோர் இத்தனை பேர், அவர்களுக்கு இப்போது இத்தனை ஆசிரியர்கள், செப்டம்பரில் இத்தனை பேர்தான் இருப்பார்கள், இடைவெளி இத்தனை டாலர், வரி வரம்புக்குள் எங்களால் திரட்ட முடிவது இவ்வளவு” என்று சொல்பவர் பேசும்போது பேனா அசையும். இந்த எண்களையெல்லாம் உங்கள் மாவட்டத்தின் நிதி நிர்வாகியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். நீங்களே விரிதாளில் கணக்குப் போட்டு, அதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டால், அடுத்த ஆண்டு நீங்கள் சரியான எண்ணோடு போனாலும் நம்ப மாட்டார்கள்.

காலமும் முக்கியம். ஆளுநர் வரவுசெலவுத் திட்டத்தை அளித்த இரண்டு நாட்களுக்குள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உதவித் தொகை அறிவிக்கப்படும். அதிலிருந்து ஜூன் இறுதியில் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றும் வரை உள்ள சில மாதங்கள்தான் பேச்சுக்குப் பலன் உள்ள காலம். உதவி அறிவிக்கப்பட்டபின் தீர்மானம் எழுத உட்காரும் வாரியங்களே மிகுதி. எண்களுக்கு மட்டும் இடம்விட்டு வரைவை முன்பே வைத்திருக்கும் வாரியம் முதல் விசாரணையிலேயே பேசிவிடுகிறது. மாநிலத்தில் 40 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு செனட்டரும் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். உங்கள் தொகுதியில் இருக்கும் மற்ற ஊர்களின் வாரியங்களும் அதே மூவரைத்தான் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் போகாமல் சேர்ந்து போங்கள். உதவி குறைந்த ஊரும் கூடிய ஊரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

1914 முதல் இயங்கிவரும் நியூ ஜெர்சி பள்ளி வாரியங்கள் சங்கத்தில் உங்கள் வாரியம் ஏற்கெனவே உறுப்பினர்தான். சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சங்கத்தின் பேராளர் கூட்டத்தில் ஒவ்வொரு வாரியத்துக்கும் ஒரு பேராளர் உண்டு. சங்கம் டிரென்டனில் எதை ஆதரிக்க வேண்டும், எதை எதிர்க்க வேண்டும் என்ற கொள்கைகள் அங்கேதான் வாக்கெடுப்பில் முடிவாகின்றன. பல வாரியங்களில் அந்தப் பொறுப்பை விரும்பி ஏற்க ஆள் இருப்பதில்லை. நீங்கள் கேட்டுப் பெறுங்கள். “அரசியல் வேண்டாம்” என்று சொல்லும் வாரியமும் தன் உறுப்பினர் கட்டணத்தால் ஒவ்வோர் ஆண்டும் டிரென்டனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை, வாய்ப்பு வரும்போது உங்கள் மூத்த உறுப்பினரிடம் குறிப்பிடலாம்.

வாஷிங்டனை முற்றிலும் மறந்துவிடவும் வேண்டாம். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான கல்விச் சட்டத்தை 1975-இல் நிறைவேற்றியபோது, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை கூட்டாட்சி அரசு தரும் என நாடாளுமன்றம் இலக்கு வைத்தது. அந்த அளவு ஒருபோதும் எட்டப்படவில்லை. அண்மை ஆண்டுகளில் அது 15 விழுக்காட்டுக்கும் கீழே நிற்கிறது. மிச்சத்தை ஊர்களும் மாநிலங்களும் சுமக்கின்றன. இதில் கட்சி வேறுபாடு பெரிதாகத் தலையிடாது. இரு தரப்பினரும் உள்ள ஒரு வாரியம் ஒருமனதாகப் பேசத் தொடங்குவதற்கு இது நல்ல பொருள்.

ஃபேஸ்புக் விஷயத்தில் நீங்கள் அஞ்ச வேண்டியது ஒன்று, அஞ்ச வேண்டாதது ஒன்று. பதவியேற்றதால் உங்கள் பேச்சுரிமை பறிபோய்விடவில்லை. மாநில உதவி குறைந்தது தவறு என்று ஒரு குடிமகளாக நீங்கள் எழுதலாம். ஆனால் வாரியத்தின் சார்பில் எந்தத் தனி வாக்குறுதியும் தர மாட்டேன், வாரியத்திற்குக் குந்தகம் தரக்கூடிய தனி நடவடிக்கை எதிலும் இறங்க மாட்டேன் என்பதும் அந்தப் பத்து உறுதிமொழிகளுள் ஒன்று. படிப்பவர் இதை வாரியம் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தால் அங்கே சிக்கல் தொடங்குகிறது. “இது என் சொந்தக் கருத்து” என்ற ஒரு வரியைச் சேர்ப்பது நல்லதுதான். ஆயினும் அந்த வரியைப் போட்டுவிட்டு, கீழே “நாங்கள் இந்தப் பணியிடங்களை நீக்க விடமாட்டோம்” என்று எழுதினால் அது காப்பாற்றாது. கூட்டத்தின் மூடிய அமர்வில் பேசப்பட்டது எதையும் எழுதாதீர்கள். ஆசிரியர் எவருடைய பணியிடம் போகும் என்று ஊகிக்கும்படியும் எழுதாதீர்கள்.

மறுமொழி எழுதுபவர்களைத் தடுத்துவைப்பதிலும் கவனம் தேவை. கலிபோர்னியாவின் போவே பள்ளி மாவட்டத்தில் இரண்டு வாரிய உறுப்பினர்கள், தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் ஓயாமல் விமர்சித்து எழுதிய பெற்றோர் இருவரைத் தடுத்துவைத்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2024-இல் அதையொத்த இன்னொரு வழக்கில் நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதுதான்: அந்த அதிகாரிக்கு அரசின் சார்பில் பேசும் அதிகாரம் உண்மையில் இருந்ததா, அந்தப் பதிவில் அதைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டாரா? குடும்பப் படங்களும் வாரிய அறிவிப்புகளும் கலந்து கிடக்கும் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினம். ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். உங்களை எச்சரித்தவர் பள்ளி நன்னெறி ஆணையத்தில் உண்மையிலேயே புகார் கொடுத்தால், விதிமீறல் நடந்தது என்று நிறுவ வேண்டிய பொறுப்பு அவருடையது. நீங்கள் எழுதியதை அழித்துவிடாமல் ஒரு படி எடுத்து, வாரியத்தின் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உங்கள் பதிவை நான் பார்க்கவில்லையாதலால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் வாக்கெடுப்புக்கான விதி இதைவிடக் கூர்மையானது, அதற்கு ஒரு நல்ல கதையும் உண்டு. இதே மாநிலத்தில் பார்சிப்பனி-டிராய் ஹில்ஸ் ஊரின் கல்வி வாரியம், 1952 டிசம்பரில் நடக்கவிருந்த பள்ளிக் கட்டட வாக்கெடுப்புக்காகப் பொதுப் பணத்தில் 18 பக்கச் சிறுநூல் ஒன்றை அச்சிட்டது. மாணவர் எண்ணிக்கை, கட்டடத் திட்டம், செலவு என்று பெரும்பகுதி தகவல்தான். ஆனால் அட்டையிலும் உள்ளே சில பக்கங்களிலும் “ஆம் என்று வாக்களியுங்கள்” என்று அச்சிட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஆம் என்று வாக்களிக்காவிட்டால் என்ன நடக்கும் என்ற தலைப்பில் ஒரு முழுப் பக்கத்தில், காலை, மாலை என இரு பிரிவாகப் பள்ளி நடத்தும் இரட்டை நேர முறை வரும் என்பது போன்ற எச்சரிக்கைகளை அடுக்கியிருந்தார்கள். வரி செலுத்துவோர் வழக்குத் தொடுத்தனர். 1953-இல் தீர்ப்பு எழுதியவர் வில்லியம் பிரென்னன். மூன்று ஆண்டுகள் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்குப் போனவர். வாக்காளர் தீர்மானிப்பதற்கு வேண்டிய செய்திகளை, நன்மை தீமை இரண்டையும் நேர்மையாக எடுத்துச்சொல்ல வாரியம் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்றார் அவர். மாற்றுக் கருத்துடையவருக்கு இடமே தராமல், ஒரு பக்கத்துக்கு மட்டும் வாக்குக் கேட்க அந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் எதிர்த்து வாக்களிப்பவரின் வரிப் பணமும் அதில் இருக்கிறது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி வாரியங்களை அடக்கிவைப்பவர்கள், அதில் அடுத்து வரும் பகுதியைப் படிப்பதில்லை. தன் பொறுப்பை நிறைவேற்ற இன்னது தேவை என்று வாரியம் முடிவுசெய்திருக்கும்போது, அதற்கு வாக்காளரின் சம்மதத்தைப் பெற முயல்வது அதன் உரிமை மட்டுமன்று, ஒருவேளை கடமையும்கூட என்றே பிரென்னன் எழுதினார். பணம்தான் தடை, வாய் தடையன்று. எனவே மாவட்டத்தின் இணையதளத்திலும் அஞ்சலிலும் செய்தி மட்டும் இருக்கட்டும்: சராசரி வீட்டுக்கு வரி எவ்வளவு ஏறும் என்பதும் உட்பட. வாரிய உறுப்பினர்கள் பொதுக் கூட்டங்களில் தங்கள் நிலைப்பாட்டைச் சொல்லலாம். துண்டறிக்கை வேண்டுமென்றால் பெற்றோர் தனியாகக் குழு அமைத்துத் தங்கள் பணத்தில் அச்சிடட்டும். ஆனால் அந்தத் துண்டறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோகும்படி பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் கையில் கொடுப்பதை மாநிலச் சட்டம் தனியாகவே தடைசெய்கிறது; ஆர்வம் மிகுந்த பெற்றோர் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தமிழ் நண்பர்கள் சொன்னதற்கு நீண்ட விடை தேவையில்லை. வசதி இருப்பவர் தனியார் பள்ளிக்குப் போகலாம் என்பது உண்மைதான். அவர்கள் போன பிறகும் சொத்து வரி கட்டத்தான் போகிறார்கள், ஊர்ப் பொதுப் பள்ளியின் தரம் அவர்கள் வீட்டு விலையில் தெரியத்தான் போகிறது. வேறொன்றைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். பணி விசாவில் இருப்பவருக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவருக்கும் வாரியத் தேர்தலிலோ கட்டட வாக்கெடுப்பிலோ வாக்கில்லை. அதனால் தமக்கு அங்கே வேலையில்லை என்று பலர் கருதிவிடுகிறார்கள். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கென ஒதுக்கும் நேரத்தில் எழுந்து பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கும் தேவையில்லை என்பதை 1982-இல் பிளைலர் வழக்கு உறுதிசெய்துவிட்டது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அரங்கம் நிறையும் ஊரில், பள்ளி வரவுசெலவுக் கூட்டத்தில் தமிழ் முகமே தென்படுவதில்லை. அவர்களை அழைத்துவர உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. வாசிப்பு உதவி பெறும் பிள்ளைகளுள் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இதோடு இன்னொரு செய்தியையும் அவர்கள் அறிந்திருப்பது நல்லது. 2025 ஜூலையில் கையொப்பமான கூட்டாட்சி வரிச் சட்டம், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கும் பயன்படக்கூடிய உதவித்தொகை அமைப்புகளுக்கு நன்கொடை தருவோருக்கு செலுத்த வேண்டிய வரியிலேயே 1,700 டாலர் வரை கழித்துத் தருகிறது. இது 2027 முதல் நடைமுறைக்கு வரும், சேர்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவுசெய்யும். இதில் உங்கள் வாரியம் எந்த நிலைப்பாட்டை எடுத்தாலும், நிலைப்பாடு எதுவும் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. உறுப்பினர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு இருக்கும் என்பதால், மாநில உதவித் தீர்மானத்தோடு இதைச் சேர்த்துக் கட்டாதீர்கள். முதல் தீர்மானம் ஒன்பதுக்கு ஒன்பதாக நிறைவேறுவது, ஐந்துக்கு நான்காக நிறைவேறும் இரண்டு தீர்மானங்களைவிட டிரென்டனில் எடை கூடியது.

அடுத்த கூட்டத்துக்கு முன் கண்காணிப்பாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளின் மாநில உதவித் தொகை, வரி வரம்புக்குள் திரட்டக்கூடிய மிகுதித் தொகை, நீக்கப்படவிருக்கும் பணியிடங்கள் எத்தனை மாணவர்களைத் தொடுகின்றன என்ற எண்ணிக்கை. இவற்றைக் கொண்டு வரைவை எழுதியதும், முதலில் காட்ட வேண்டியது உங்களை மறுத்த அந்த மூத்த உறுப்பினரிடம்தான். பல ஆண்டுகள் வாரியத்தில் இருந்தவருக்குத் தொகுதியின் செனட்டரைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் இருக்கக்கூடும். தீர்மானத்தை முன்மொழியும் வாய்ப்பையும் அவருக்கே கொடுத்துப் பாருங்கள். அவர் மறுத்தால் நீங்கள் முன்மொழியுங்கள். வழிமொழிய ஒருவர் இருந்தால் போதும், அது விவாதத்துக்கு வந்துவிடும்.